டயல் டோன் எங்கிருந்து வருகிறது?

மாதத்தில் ஒரு நாள் எங்கள் பகுதியில் பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தி 2 மணிக்குத் தருவார்கள். ஃபேன் ஓடாது, மோட்டார் ஓடாது, டிவி கிடையாது. அந்த ஐந்து மணி நேரமும் வீட்டில் உயிரோடு இருந்தது ஹாலில் இருக்கும் போன் மட்டும்தான். ரிசீவரை எடுத்தால் எப்போதும்போல ‘கொர்ர்’ என்று டயல் டோன் கேட்கும். கரண்டே இல்லாதபோது இது மட்டும் எப்படி என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை.

போன வருடம் அந்த இணைப்பைச் செப்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு, அதாவது கண்ணாடி இழைக்கு, மாற்றினோம். எண் அதேதான், கருவியும் அதேதான். மாட்ட வந்த இளைஞர் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தி, பழைய போனின் வயரை அதில் செருகி, ஒரு கால் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். குரல் முன்பைவிடத் தெளிவாகவே இருந்தது. அடுத்த பராமரிப்பு நாளில் அம்மா ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, “போன் டெட்டுப்பா” என்றார். கரண்ட் வந்ததும் போனும் வந்தது. பழுது எதுவும் இல்லை, புதிய முறை அப்படித்தான். அதை அந்த இளைஞர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

லேண்ட்லைன் என்றாலே பரணுக்குப் போய்விட்ட சாமான் என்று ஓர் எண்ணம் நமக்கு இருக்கிறது. கணக்கைப் பார்த்தால் கதை வேறு. 2006 வாக்கில் இந்தியாவில் சுமார் 5 கோடி தரைவழி இணைப்புகள் இருந்தன. செல்போன் வந்து அவற்றை ஒவ்வொன்றாகத் தின்றது; 2020இல் ஏறக்குறைய 2 கோடிதான் மிச்சம். சரி, இனி மெல்ல மெல்ல அணைந்துவிடும் என்று நினைத்தால், அங்கிருந்து மறுபடி ஏறத் தொடங்கி 2024 மார்ச்சில் 3 கோடியே 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நடுவில் 2022 ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. தரைவழி இணைப்புகளின் எண்ணிக்கையில் ஜியோ பிஎஸ்என்எல்லை முந்தியது: ஏறத்தாழ 73.5 லட்சத்துக்கு 71.3 லட்சம். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்குச் செப்புக் கம்பியே இழுக்காத ஒரு நிறுவனம் நாட்டின் மிகப் பெரிய லேண்ட்லைன் நிறுவனம் ஆகிவிட்டது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் வாங்கினால் கூடவே ஒரு போன் எண்ணும் தருகிறார்கள். பெட்டியின் பின்புறம் போனுக்கென்று ஒரு துளை இருக்கும். பலர் அதில் எதையும் செருகியதே கிடையாது. அந்த எண்ணும் கணக்கில் ‘தரைவழி இணைப்பு’ என்றுதான் ஏறும். பெயர் மட்டும் பழையது, உள்ளே ஓடுவது முழுக்க இணைய அழைப்பு. வெளிநாடுகளில் அறிவிப்பு, விவாதம், எதிர்ப்பு, தேதி ஒத்திவைப்பு என்று நடந்துகொண்டிருக்கும் ஒரு மாற்றம் இங்கே வைஃபையோடு இலவச இணைப்பாக வந்து சேர்ந்திருக்கிறது.

என்ன மாறியது என்று புரிய, முதலில் பழைய போனுக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்துதான் வந்தது. ஒவ்வொரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலும் பேட்டரி அறை என்று ஒன்று உண்டு. இரண்டு இரண்டு வோல்ட்டாக 24 பெரிய செல்களை வரிசையாக இணைத்து 48 வோல்ட் டிசி மின்சாரம் வைத்திருப்பார்கள். அந்த பேட்டரியின் நேர்முனையை மண்ணோடு இணைத்துவிடுவார்கள். அதனால் லைனில் இருப்பது மைனஸ் 48 வோல்ட். இந்த ஏற்பாட்டால் ஈரமான மண்ணில் கிடக்கும் செம்பு சீக்கிரம் அரித்துப் போகாது. ஊரில் கரண்ட் போனாலும் பேட்டரி ஓடும்; பேட்டரி இறங்குவதற்குள் டீசல் ஜெனரேட்டரைப் போடுவார்கள். நம் வீட்டு போனுக்கான மின்சாரத்தைக் காப்பாற்றுவது எக்ஸ்சேஞ்சின் வேலையாக இருந்தது, அதற்கான காசும் பில்லிலேயே அடக்கம்.

ரிசீவரை எடுத்ததும் அடியில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் மேலெழும். இரண்டு கம்பிகளுக்கும் இடையே சுற்று முழுமையாகி 20, 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் ஓடும். அதைப் பார்த்துத்தான் இந்த வீட்டில் யாரோ ரிசீவரை எடுத்திருக்கிறார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் தெரிந்துகொள்ளும். உடனே அங்கிருந்து ஒரு ஒலியை அனுப்பும். அதுதான் டயல் டோன். ‘சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்’ என்று எக்ஸ்சேஞ்ச் சொல்லும் பதில் அது. இரண்டு மூன்று கிலோமீட்டர் கம்பி, தெருவோரத்தில் நிற்கும் பில்லர் பாக்ஸ், அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி பிரியும் டிபி பாக்ஸ், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர் எல்லாம் சரியாக இருந்தால்தான் அந்த ஒலி காதுக்கு வரும். அதனால்தான் போனில் கோளாறு என்றால் முதல் கேள்வி, “டோன் வருதா?” என்று இருந்தது. மணி அடிக்க வேண்டுமென்றால் இதே கம்பியில் 75 வோல்ட் ஏசியை நொடிக்கு 25 முறை மாறும்படி அனுப்புவார்கள். கம்பத்தில் ஏறி வெறுங்கையால் கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கும் லைன்மேனுக்கு அந்த நேரம் பார்த்து யாராவது போன் செய்தால், கையில் சுள்ளென்று அடிக்கும்.

இந்த ஏற்பாட்டின் அழகும் ஊதாரித்தனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை இரண்டு செப்புக் கம்பிகள் உங்களுக்கு மட்டுமே சொந்தம். நாளில் அரை மணி நேரம் பேசினால் மிச்சம் இருபத்து மூன்றரை மணி நேரம் அவை சும்மா கிடக்கும். பேசும்போதும் அப்படித்தான். சென்னையிலிருந்து மதுரைக்குப் பேசினால் வழி நெடுக ஒரு தடம் உங்களுக்காக ஒதுக்கப்படும். இருவரும் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தாலும் அந்தத் தடத்தில் வேறு யாரும் நுழைய முடியாது. மந்திரி வருகிறார் என்று சாலையை அடைத்துவைப்பார்களே, அந்த மாதிரி. 1891இல் தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்குக் காப்புரிமை வாங்கியவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்ற அமெரிக்கர். தொழிலில் அவர் சவ அடக்கம் செய்பவர். தன் கடைக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளரின் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில்தான் ஆளே இல்லாத எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். பல பத்தாண்டுகள் கழித்து வந்த கம்ப்யூட்டர் எக்ஸ்சேஞ்சும் தடம் ஒதுக்குவது என்ற அதே யோசனையில்தான் ஓடியது.

பழையது அனலாக் (குரலை அலையாகவே அனுப்புவது), புதியது டிஜிட்டல் (குரலை எண்களாக்கி அனுப்புவது) என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். 1980களிலேயே எக்ஸ்சேஞ்சுகள் டிஜிட்டல் ஆகத் தொடங்கிவிட்டன. 1984இல் தொடங்கிய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் வடிவமைத்த 128 இணைப்புகள் கொண்ட சின்ன கிராமப்புற எக்ஸ்சேஞ்ச், ஏசி அறை இல்லாமல் நம் வெயிலிலேயே ஓடியது. வீட்டிலிருந்து வரும் குரலை எக்ஸ்சேஞ்ச் நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட் எண்ணாக எழுதும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 64,000 பிட். ஆக வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரையுள்ள கடைசிக் கம்பிதான் அனலாக்காக இருந்தது. இணைய அழைப்பும் பல சமயம் இதே 64,000 பிட்டைத்தான் அனுப்புகிறது. வித்தியாசம் அனுப்பும் விதத்தில்.

வெள்ளைப் பெட்டி உங்கள் குரலை 20 மில்லி நொடித் துண்டுகளாக நறுக்குகிறது. ஒரு துண்டு 160 பைட். அதன் மேல் எங்கிருந்து, எங்கே, எத்தனையாவது துண்டு என்ற விலாசம் 40 பைட். நொடிக்கு இப்படி ஐம்பது பொட்டலங்கள் கிளம்புகின்றன. இவற்றுக்குத் தனித் தடம் கிடையாது. பக்கத்து வீட்டுப் பையன் பார்க்கும் யூடியூப், எதிர்வீட்டு அலுவலகக் கோப்பு எல்லாவற்றோடும் ஷேர் ஆட்டோவில் போகிற மாதிரி இடித்துக்கொண்டு போகின்றன. வழியில் இடம் இருந்தால் போகும், இல்லாவிட்டால் காத்திருக்கும், மிஞ்சினால் தொலைந்துபோகும்.

மின்னஞ்சல் இரண்டு நொடி தாமதமாக வந்தால் யாருக்கும் தெரியாது. குரல் அப்படி இல்லை. தாமதமாக வந்த பொட்டலமும் வராத பொட்டலமும் ஒன்றுதான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லி நொடிக்குள் குரல் போய்ச் சேர வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேல் போகப் போக, நான் பேசி முடித்துவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரிவதற்குள் நானே மறுபடி ஆரம்பித்துவிடுவேன். இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் ஒரே நேரத்தில் “சொல்லுங்க, சொல்லுங்க” என்று நிறுத்துவது இதனால்தான். முன்பின்னாக வரும் பொட்டலங்களைச் சற்று நிறுத்தி, வரிசைப்படுத்தி, சீராக வெளியே விட ஒரு சின்னக் காத்திருப்பு அறையும் பெட்டிக்குள் இருக்கிறது. அது சமாளிக்க முடியாமல் போகும்போது குரல் தகரத்தில் உரசுவதுபோல் கேட்கும்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இணைய அழைப்பு என்ற ஒரே பெயரில் இரண்டு விஷயங்கள் உலவுகின்றன. வாட்ஸ்அப்பில் பேசுவது பொதுச்சாலையில் எல்லோரோடும் போவது. ஃபைபர் நிறுவனம் தரும் லேண்ட்லைன் அப்படி இல்லை. அதே கண்ணாடி இழையில் மற்றவற்றோடு போனாலும் குரல் பொட்டலங்களுக்கு முன்னுரிமை கொடுத்து, பொது இணையத்துக்கே விடாமல் தங்கள் சொந்த வலையமைப்புக்குள்ளேயே கொண்டுபோகிறார்கள். வீட்டில் நான்கு பேர் நான்கு படம் பார்த்தாலும் அந்தப் போனில் குரல் உடையாமல் இருப்பது அதனால்தான்.

தரத்தைப் பொறுத்தவரை புதியதே மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழைய போன் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே அனுப்பும். ‘ஸ’, ‘ஃப’ போன்ற சீறும் ஒலிகளின் அடையாளம் அதற்கு மேலே இருக்கிறது, அதை வெட்டிவிடுவார்கள். வங்கியில் பெயரைச் சொல்லும்போது “எஸ் ஃபார் சுகர், எஃப் ஃபார் ஃபாதர்” என்று ஆயுள் முழுக்கக் கத்தியது இந்த 3,400க்காகத்தான். புதிய முறையில் இரண்டு முனையும் ஒத்துக்கொண்டால் 7,000 வரை அனுப்பலாம். மழைக்காலத்துக் கரகரப்பு இல்லை, யாரோ ஒருவரின் பேச்சு ஊடே கேட்கும் கிராஸ் டாக் இல்லை. கண்ணாடிக்குள் ஓடுவது ஒளி. பில்லர் பாக்ஸில் தண்ணீர் புகுந்தால் செம்பு பச்சை பூத்துப்போவதுபோல் அது போகாது. இரண்டு தூறல் விழுந்தால் போன் டெட் ஆகும் தெருக்களில் வாழ்ந்தவர்களுக்குச் செம்பின் மீது பெரிய பாசம் இருக்க நியாயம் இல்லை.

ஆனால் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் பேட்டரி இருந்தாலும் அந்த 48 வோல்ட் உங்கள் வீட்டுக்கு வர வழி கிடையாது. போனுக்கு வேண்டிய மைனஸ் 48 வோல்ட், மணியடிக்கும் மின்சாரம், டயல் டோன் எல்லாவற்றையும் சுவரில் இருக்கும் அந்த வெள்ளைப் பெட்டியே தயாரிக்கிறது. ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச் உங்கள் ஹாலுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். அதோடு பேட்டரி அறையின் பொறுப்பும் உங்கள் தலைக்கு வந்துவிட்டது. இப்போது டோன் கேட்டால் பெட்டி உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான் நிச்சயம். நிறுவனத்தின் சர்வரிடம் அவ்வப்போது ‘இந்த எண் இங்கே இருக்கிறது’ என்று பெட்டி பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு இல்லாவிட்டால் சில பெட்டிகள் மௌனமாகிவிடும். சில பெட்டிகள் அப்போதும் டோனைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

பிரிட்டனில் இதே விஷயத்தில் அடிபட்டுப் பாடம் படித்தார்கள். 2025 முடிவுக்குள் செப்புக் கம்பி போன்களை முழுமையாக நிறுத்திவிடுவது என்பது அங்குள்ள நிறுவனங்களின் திட்டமாக இருந்தது. காரணம் வலுவானது: 1980களில் போட்ட எக்ஸ்சேஞ்சுகளுக்கு உதிரிபாகம் கிடைப்பதில்லை, அவற்றைத் தெரிந்த பொறியாளர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். 2021 நவம்பரில் ஆர்வென் என்ற புயல் அடித்து லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. சில இடங்களில் திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. கரண்ட் இல்லாத வீட்டில் புதிய போன் இயங்காது என்பது அப்போதுதான் எல்லோர் மண்டையிலும் ஏறியது. 2022 மார்ச்சில் அங்குள்ள பெரிய தொலைபேசி நிறுவனமான பிடி வீடுகளை மாற்றும் வேலையையே நிறுத்திவைத்தது.

அடுத்து வந்தது அதைவிடக் கவலை தரும் சங்கதி. தனியாக வசிக்கும் முதியவர்கள் கழுத்தில் ஒரு பொத்தானை மாட்டியிருப்பார்கள். விழுந்துவிட்டால் அதை அழுத்தினால் போன் லைன் வழியாக உதவி மையத்துக்குச் செய்தி போகும். அந்த நாட்டில் சுமார் 18 லட்சம் பேர் இதை நம்பியிருக்கிறார்கள். அந்தக் கருவிகளில் பல பழைய லைனின் மின்சாரத்தையும் ஒலிகளையும் எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. போனை மாற்றிய சில வீடுகளில் பொத்தான் வேலை செய்யவில்லை. 2023 டிசம்பரில் அரசு தலையிட்டு நிறுவனங்களிடம் உறுதிமொழி வாங்கியது. யாரையும் கட்டாயமாக மாற்றுவதை நிறுத்தச் சொன்னது. கடைசித் தேதி 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு செய்ய வழி செய்துதர வேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதி. ஒரு மணி நேரம் போதுமா என்று அங்கே சண்டை நடக்கிறது. கஜா புயலில் வாரக்கணக்கில் இருட்டில் இருந்த டெல்டாக்காரர்கள் அந்தச் சண்டையைக் கேட்டால் சிரிப்பார்கள்.

நம்மூரில் இத்தனை பேச்சு எழாததற்கு ஒரு காரணம், எல்லோர் கையிலும் செல்போன் இருப்பது. லேண்ட்லைன் போனால் என்ன என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பெருவெள்ளம், புயல் நாட்களில் செல்போன் கோபுரங்களும் பேட்டரி இறங்கிச் சாய்கின்றன. லிஃப்டுக்குள் இருக்கும் அவசரப் போன், மருத்துவமனைக்குள் போன்களை இணைக்கும் பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி, திருட்டு அலாரம், ஃபேக்ஸ் என்று மனிதர் பேசாத லைன்களும் இருக்கின்றன. ஃபேக்ஸ் இயந்திரம் நுணுக்கமான ஒலிகளால் பேசுகிறது. ஒரே ஒரு 20 மில்லி நொடித் துண்டு தொலைந்தால் நம் காது பொறுத்துக்கொள்ளும், ஃபேக்ஸுக்குப் பக்கமே பாழ். அடுக்குமாடிச் சங்கங்களில் லிஃப்ட் போனை யாரும் எடுத்துப் பார்ப்பதே இல்லை என்பது என் அனுமானம். இன்று இறங்கும்போது ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

இந்தியாவில் இந்த மாற்றம் தாமதமாக வந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 2002 ஏப்ரல் 1 வரை இணையத்தில் பேசுவதே இங்கே தடை. வெளிநாட்டு அழைப்பு என்பது வெளிநாட்டுத் தொடர்புக்கான நிறுவனமான விஎஸ்என்எல்லின் ஏகபோகமாக இருந்தது. அந்த வருமானத்தை யாரும் கெடுத்துவிடக் கூடாது. தடை நீங்கியபோதும் பாதிதான் நீங்கியது. கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம். கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டுப் போனுக்குப் பேசலாம். ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து இந்தியப் போனுக்குப் பேசக் கூடாது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணனை அழைக்கலாம், அடுத்த தெரு மாமாவை அழைக்க முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 அக்டோபரில் பரிந்துரை செய்து, 2018 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதிகளைத் தெளிவாக்கிய பிறகுதான் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இணையம் வழியாக எந்த எண்ணையும் அழைக்கும் சேவையைத் தர முடிந்தது. அடுத்த மாதமே பிஎஸ்என்எல் ‘விங்ஸ்’ என்ற பெயரில் செயலி வழி அழைப்பை ஆண்டுக்கு 1,099 ரூபாய்க்கு அறிமுகம் செய்தது. அதற்குள் ஊரே வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தது வேறு விஷயம். வளைகுடாவின் சில நாடுகளில் இந்தத் தடைச் சுவர் இன்னும் நிற்கிறது. துபாயில் வேலை செய்யும் நம் ஆட்கள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பலாம், அழைக்க முடியாது. அங்கே அனுமதி பெற்ற செயலிகளைத் தேடித்தான் ஊருக்குப் பேசுகிறார்கள்.

இந்தத் தடைச் சுவருக்குப் பின்னால் வருமானம் மட்டும் இருந்தது என்றும் சொல்ல முடியாது. எண்ணுக்கும் இடத்துக்கும் இருந்த முடிச்சு செம்போடு சேர்ந்து போய்விட்டது. முன்பு சென்னையில் 2434 என்று தொடங்கினால் தியாகராய நகர், 2491 என்றால் அடையாறு. எண்ணைப் பார்த்தே வீடு எந்தப் பக்கம் என்று சொல்லலாம். கம்பி எங்கே முடிகிறதோ அங்கேதான் எண். இப்போது எண் என்பது ஒரு சர்வரில் இருக்கும் வரி. அலுவலகங்கள் பழைய முப்பது தடக் கம்பிகளை விட்டுவிட்டு இணையவழி இணைப்புக்கு மாறிய பிறகு, சென்னை எண்ணுக்கு வரும் அழைப்பைத் திருவண்ணாமலையில் வீட்டிலிருந்தபடி ஒருவர் எடுக்கிறார். நல்லதுதான். அதே வசதியால் வெளிநாட்டில் எங்கோ உட்கார்ந்துகொண்டு இந்திய எண்ணைக் காட்டி, போலீஸ் பேசுகிறோம், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்துவிட்டோம் என்று மிரட்டவும் முடிகிறது. 2024 அக்டோபரில் இத்தகைய போலி எண் அழைப்புகளைத் தடுக்க ஓர் அமைப்பை அரசு தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்திலேயே 1.35 கோடி அழைப்புகள் சிக்கின. அவசர அழைப்பிலும் இதே சிக்கல். பழைய லைனில் பேச்சே எழாமல் போனாலும் வீட்டு விலாசம் எக்ஸ்சேஞ்சில் இருக்கும். செயலி வழி அழைப்புக்கு விலாசம் கிடையாது.

எண்ணைப் பற்றி இன்னொரு நடைமுறை விஷயம். செல்போனில் எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி 2011 முதல் நாடு முழுக்க இருக்கிறது. லேண்ட்லைனுக்கு அது வரவில்லை. பிஎஸ்என்எல் செம்பிலிருந்து பிஎஸ்என்எல் ஃபைபருக்கு மாறினால் பெரும்பாலும் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். வேறு நிறுவனத்துக்குப் போனால் எண் போய்விடும். முப்பது வருடமாகக் கல்யாணப் பத்திரிகையிலும் கடைப் பலகையிலும் அச்சான எண்ணைக் கைவிடுவதற்கு முன் இதை யோசித்துக்கொள்வது நல்லது.

பழுது பார்க்கும் ஆளும் மாறிவிட்டார். 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லில் சுமார் 78,500 பேர் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினார்கள். கிட்டத்தட்ட பாதிப் படை. எந்த டிபி பாக்ஸில் எந்த ஜோடிக் கம்பி யார் வீட்டுக்குப் போகிறது என்பதை மனப்பாடமாக வைத்திருந்த லைன்மேன்கள் அதில் போனார்கள். அந்த அறிவு எந்தப் பதிவேட்டிலும் முழுதாக இல்லை. இன்று ஃபைபர் இழுப்பதும் பார்த்துக்கொள்வதும் பெரும்பாலான ஊர்களில் அந்தப் பகுதியின் கேபிள் டிவிக்காரர். நிறுவனங்களின் உள்ளூர்க் கூட்டாளி அவர்தான். அழைத்தால் லைன்மேனைவிடச் சீக்கிரம் வருகிறார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இழை மண்ணுக்கடியில் போவதில்லை. மின்கம்பத்திலிருந்து மொட்டை மாடிக்கும், மொட்டை மாடியிலிருந்து முருங்கை மரத்துக்கும் தாவி வருகிறது. மழையைப் பற்றிக் கவலை இல்லை, காற்றும் குரங்கும்தான் எதிரி.

வீட்டில் என்ன செய்யலாம் என்றால், செலவு அதிகமில்லை. அந்த வெள்ளைப் பெட்டி 12 வோல்ட்டில் ஓடுவது. பத்து வாட் அளவுக்குத்தான் இழுக்கும். அதற்கென்று மினி யுபிஎஸ் என்று கையளவு பெட்டி ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, சில மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் பெட்டி செருகியிருக்கும் பிளக், இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். பல வீடுகளில் இருக்காது. மாட்ட வருபவர் எந்த பிளக் காலியாக இருக்கிறதோ அதில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

நாங்களும் ஒரு மினி யுபிஎஸ் வாங்கி மாட்டினோம். அடுத்த பராமரிப்பு நாளில் ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. பெட்டியில் பச்சை விளக்குகள் அணையவில்லை. அம்மா ரிசீவரை எடுத்தார். டோன் வந்தது. பெரியம்மா எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி அடிக்கவே இல்லை. இன்னொரு முறை அழுத்தினார். டோன் மட்டும் கணீரென்று இருந்தது.

கேபிள்காரருக்கு என் செல்போனிலிருந்து அழைத்தேன். தெருமுனைக் கடையின் மாடியில் அவர் வைத்திருக்கும் பெட்டியிலிருந்துதான் எங்கள் தெருவுக்கே இழை பிரிகிறது. அதற்குக் கரண்ட் அந்தக் கடையிலிருந்து. “அங்க இருக்கிற பேட்டரி பத்து நிமிஷம்கூடத் தாங்க மாட்டேங்குது சார். மாத்தணும்னு மேல சொல்லியிருக்கேன்” என்றார். ரெண்டு மணிக்கு வந்துவிடும் என்றும் சொன்னார். வந்தது.